காரத் தண்ணீரும் கறுப்புத் தண்ணீரும்

நானெல்லாம் பம்பாய்க்கு வந்த புதிதில் தண்ணீர் இரண்டே வகைதான். குழாயில் வருவது, வராதது. இப்போது கடைக்குப் போனாலோ, யாராவது நண்பர் வீட்டுக்குப் போனாலோ, காரத் தண்ணீர், ஹைட்ரஜன் தண்ணீர், ஆக்சிஜன் தண்ணீர், கறுப்புத் தண்ணீர், காந்தத் தண்ணீர் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றும் ஒரு வியாதியைத் தீர்க்கிறதாம். சில, எல்லா வியாதியையும் தீர்க்கின்றனவாம்!

இதைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நான் மருத்துவன் அல்ல. டி.எம்.இ. முடித்து 1980ல் மத்திய ரயில்வேயில் அப்ரண்டிஸ் மெக்கானிக்காகச் சேர்ந்து, 2018ல் ஓய்வு பெற்றவன். ஆனால் தண்ணீரோடு எனக்குப் பழக்கம் உண்டு. முதலில் போட்டது நீராவி எஞ்சின் ஷெட்டில். அங்கே கடினத் தன்மையுள்ள தண்ணீரைப் பாய்லரில் ஊற்றினால் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு ஏறிவிடும். படிவு ஏறினால் சூடு தண்ணீருக்குப் போகாது, நிலக்கரி வீணாகும், கடைசியில் குழாயே வெந்து போகும். ஆகவே பாய்லர் தண்ணீரை மென்மையாக்குவோம். அதோடு வேண்டுமென்றே காரமாகவும் வைத்திருப்போம், பி.எச். 10, 11 என்ற அளவில். இரும்பு அரிக்காமல் இருக்கத்தான். பின்னர் டீசல் ஷெட்டுக்கு மாற்றினார்கள். அங்கே எஞ்சினைக் குளிர்விக்க, உப்பு முழுவதையும் நீக்கிய தண்ணீரில் அரிப்புத் தடுக்கும் மருந்தைக் கலந்து ஊற்றுவோம். அதைக் குடித்தால் ஆபத்து.

ஆக, 'மிக நல்ல தண்ணீர்' என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே வரும் கேள்வி, 'எதற்கு?' என்பதுதான்.

இங்கே முலுண்டில் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் ஒரு நண்பர் இருக்கிறார். திருநெல்வேலிக்காரர், வங்கியில் ஓய்வு பெற்றவர், என்னைவிட நான்கு வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். சென்ற ஆண்டு அவர் ஒரு காரத் தண்ணீர் இயந்திரம் வாங்கினார். விலை 1,85,000 ரூபாய். இரண்டு கிரைண்டர் அளவு கூட இல்லாத பெட்டி.

"தம்பி, ஒரு மடக்கு குடிச்சுப் பாரும். பி.எச். ஒம்பதரை. உடம்புல இருக்கிற அமிலத்தை எல்லாம் எடுத்துரும். வியாதிக்கு மூலமே அமிலம்தானாம்" என்றார்.

குடித்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது.

பணம் அவருடையது, அது போகட்டும் என்றிருந்தேன். ஆனால் பேச்சுவாக்கில் அவருடைய மனைவி ஒன்றைச் சொன்னார்கள். "மூணு வாரமா சக்கரை மாத்திரையை நிறுத்திட்டாக, தம்பி. ஒரே அசதியா இருக்காக. கேட்டா, உடம்புல இருக்கிற நச்சு வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்னு அந்தப் பையன் சொன்னானாம்."

மேஜையில் நமது சங்கத்தின் உறுப்பினர் முகவரிப் புத்தகம் திறந்து கிடந்தது. சில பெயர்களுக்கு எதிரே பென்சிலால் டிக் போட்டிருந்தது. ஆள் சேர்த்தால் கமிஷன் உண்டாம். முதல் டிக் என் பெயருக்கு.

அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன். படித்ததையும் வீட்டில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். அந்தப் புத்தகத்தில் டிக் விழுந்த மற்றவர்களுக்கு இது பயன்படலாம்.

முதலில் காரம். மிளகாய்க் காரம் அல்ல, பள்ளியில் அமிலத்துக்கு எதிராகப் படித்த காரம். அதை அளக்கும் பி.எச். அளவுகோலை 1909ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சோரன்சென் என்பவர் வகுத்தார். 7 என்பது நடுநிலை. கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நமது குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, 6.5 முதல் 8.5 வரை என்கிறது. குழாயில் வருவது பெரும்பாலும் இதற்குள்தான் இருக்கும்.

இனி வயிறு. நம் வயிற்றில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் பி.எச். 1.5 முதல் 3.5 வரை. பி.எச். 9.5 உள்ள தண்ணீர் ஒரு லிட்டர் குடித்தால் அது என்ன ஆகும்? டிப்ளமோவில் படித்த கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு லிட்டரில் மிகுதியாக இருக்கும் காரத்தை அடக்க, பி.எச். 2 உள்ள வயிற்று நீர் 3 மில்லி லிட்டர் போதும். ஒரு டீஸ்பூன் கூட இல்லை. (தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டுக்குத் தனிக் கணக்கு. ஆனால் அது சாதாரணக் குழாய்த் தண்ணீரிலும் உண்டு, அதற்கு இயந்திரம் வேண்டாம்.) வயிறு ஒரு நாளைக்குச் சுமார் இரண்டு லிட்டர் நீரைச் சுரக்கிறது. அண்ணாச்சியின் 1,85,000 ரூபாய், தொண்டையைத் தாண்டிய சில நிமிடங்களில் கரைந்து போகிறது.

சரி, ரத்தம்? அதன் பி.எச். 7.35க்கும் 7.45க்கும் நடுவில் நிற்கிறது. நுரையீரல் கரியமில வாயுவை வெளியே விட்டும், சிறுநீரகம் அமிலத்தையும் பைகார்பனேட்டையும் கூட்டிக் குறைத்தும் அதை அங்கேயே பிடித்து வைக்கின்றன. எஞ்சினில் கவர்னர் என்று ஒன்று இருக்கும். பாரம் ஏறினாலும் இறங்கினாலும் சுழற்சி வேகத்தை ஒரே அளவில் நிறுத்தும். அதுபோன்ற வேலை இது. அந்த அளவை விட்டு ரத்தம் விலகினால், அமிலப் பக்கமானாலும் காரப் பக்கமானாலும், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலைமை. ஒரு டம்ளர் தண்ணீரில் அது நகர்வதாக இருந்தால் நாம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டே என்றோ போயிருப்போம்!

இவர்கள் தவறாமல் சொல்லும் இன்னொரு செய்தி, 'புற்றுநோய்க்குக் காரணம் அமிலம் என்று கண்டுபிடித்ததற்காக ஓட்டோ வார்பர்க் நோபல் பரிசு வாங்கினார்' என்பது. வார்பர்க் 1931ல் நோபல் பரிசு வாங்கியது உண்மை. செல்களின் சுவாசத்துக்கு உதவும் நொதியின் தன்மையையும் அது வேலை செய்யும் விதத்தையும் கண்டதற்காக வாங்கினார். புற்றுநோய் செல்கள் சர்க்கரையை எரிக்கும் முறை வேறுபடுகிறது என்பதையும் அவர் ஆராய்ந்தார். காரத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அவர் பரிசு வாங்கவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் இந்த வகை இயந்திரத்துக்கு வீட்டு மருத்துவச் சாதனமாக அரசு அனுமதி உண்டு. அஜீரணம் போன்ற வயிற்று உபாதைகளுக்கு என்ற அளவில்தான். 'ஜப்பான் ஆஸ்பத்திரிகளில் பயன்படுத்துகிறார்கள்' என்று விற்பவர் சொல்லும்போது அந்த 'அளவில்' என்ற சொல்லை விழுங்கிவிடுகிறார். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்த அனுமதியில் இல்லை.

வீட்டுக்கு வந்து காட்டும் வித்தைகளைப் பற்றியும் சொல்கிறேன். ஒரு சிறு புட்டியிலிருந்து சொட்டு விடுவார்கள். குழாய்த் தண்ணீர் பச்சையாகும், இயந்திரத் தண்ணீர் நீலமும் ஊதாவுமாகும், குளிர்பானம் மஞ்சளோ ஆரஞ்சோ ஆகும். பார்த்தவர்கள் அசந்து போகிறார்கள். அது வெறும் நிறங்காட்டி. நம் வீட்டில் அம்மாவும் பாட்டியும் எத்தனையோ கல்யாணத்தில் இதைச் செய்திருக்கிறார்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பைப் போட்டால் சிவப்பாகிறதே, அதே வித்தைதான். மஞ்சள் காரத்தில் சிவக்கும். நானும் செய்து காட்டினேன். அண்ணாச்சியின் இயந்திரத்து நீரில் மஞ்சள் பொடி போட்டால் சிவப்போடியது. என் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கடுகளவு கலக்கி மஞ்சள் போட்டேன். அதைவிடச் சிவப்பு. அண்ணாச்சியின் மனைவி சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

இன்னொரு வித்தை, மின்சாரத்தில் செருகும் இரும்புக் கம்பிகள். குழாய்த் தண்ணீரில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் பழுப்பும் கறுப்புமாகக் கசடு மிதக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் வைத்தால் ஒன்றும் ஆகாது. 'பாருங்கள் சார், இதைத்தான் குழந்தைக்குக் கொடுக்கிறீர்கள்!' என்பார்கள். அந்தக் கசடு தண்ணீரில் இருந்ததல்ல. கம்பியின் இரும்பே மின்சாரத்தால் கரைந்து துருவாக வருகிறது. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் ஓடும், உப்பில்லாததில் ஓடாது, ஆகவே அங்கே துருவும் வராது. சந்தேகம் இருந்தால் ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கம்பியை வைக்கச் சொல்லுங்கள். வந்தவர் பையை மூடிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மூன்றாவது, பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அது தோராயமாகச் சொல்லும், அவ்வளவே. நல்ல உப்பா கெட்ட உப்பா என்று அதற்குத் தெரியாது. கிருமி இருப்பது தெரியாது. ஆர்செனிக் போல மிக மிகச் சிறிய அளவிலேயே கெடுதல் செய்யும் பொருளும் தெரியாது. இளநீரில் அதை வைத்துப் பாருங்கள், எண் ஆயிரக்கணக்கில் காட்டும். அதற்காக இளநீரைக் கொட்டிவிடுவோமா?

ஹைட்ரஜன் தண்ணீருக்கு வருவோம். இதில் உண்மையான ஆராய்ச்சி நடக்கிறது. 2007ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் எலிகளில் ஹைட்ரஜன் வாயுவைக் கொடுத்து, மூளையில் ஒரு வகைப் பாதிப்பு குறைவதைக் கண்டு 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதினார்கள். அதன் பின் மனிதர்களிலும் சிறு சிறு சோதனைகள் நடந்திருக்கின்றன. சிறியவை, குறுகிய காலத்தவை. இதை வைத்து ஒருவர் சிகிச்சை முடிவு எடுக்க முடியாது. மேலும் சாதாரண நிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைவது சுமார் 1.6 மில்லி கிராம் ஹைட்ரஜன். வாயுவாகக் கணக்கிட்டால் 18 மில்லி லிட்டர் அளவு. மூடியைத் திறந்து வைத்தால் அதுவும் பறந்துவிடும். நாம் சாப்பிட்ட பருப்பையும் மொச்சையையும் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து தினமும் இதைவிட அதிக ஹைட்ரஜனை இலவசமாகவே உண்டாக்குகின்றன. மொச்சைக் குழம்பு சாப்பிட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆக்சிஜன் தண்ணீருக்கு ஒரு பத்தி போதும். அறை வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8 மில்லி கிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும், அதாவது 6 மில்லி லிட்டர் வாயு. அழுத்தம் கொடுத்து அதைப் பத்து மடங்கு ஆக்கினாலும் 60. நாம் ஒரு தடவை மூச்சை இழுத்தால் உள்ளே போகும் ஆக்சிஜன் 100 மில்லி லிட்டர். மீனுக்குச் செவுள் இருக்கிறது, நமக்கு இல்லை.

கறுப்புத் தண்ணீர் சினிமாக்காரர்களால் பிரபலமானது. மக்கிய தாவரங்களிலிருந்து கிடைக்கும் ஃபுல்விக் அமிலம் போன்றவையும் தாது உப்புகளும் சேர்ப்பதால் அந்த நிறம். அரை லிட்டர் பாட்டில் நூறு ரூபாய் ஆகிறது. தாது உப்புதான் வேண்டுமென்றால், நமக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கால்சியம் 1000 மில்லி கிராம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் வகுத்திருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லி கிராமுக்குக் குறையாமல் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 200க்கு மேல். தண்ணீர்ப் பாட்டிலின் லேபிளைப் படித்து இந்த எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

செம்புப் பாத்திரம் பற்றி நம் மாதர் அணியில் அடிக்கடி கேட்கிறார்கள். இதற்கு மட்டும் என் ஓட்டு உண்டு, ஓர் எல்லைக்குள். பெங்களூரில் நடந்து 2012ல் வெளியான ஆய்வில், காலரா, வயிற்றுப்போக்குக் கிருமிகளைத் தண்ணீரில் கலந்து செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தபோது அவை வளர்க்க முடியாதபடி அழிந்திருந்தன. தண்ணீரில் இறங்கிய செம்பும் பாதுகாப்பான அளவுக்குள்தான் இருந்தது. ஆக, கிருமியைக் கொல்லும் வேலையைச் செம்பு செய்கிறது. மூட்டுவலி, தைராய்டு, முடி நரைத்தல் இவற்றுக்கெல்லாம் அந்த ஆய்வில் இடமில்லை. கலங்கல் தண்ணீரையும் ரசாயனம் கலந்ததையும் அது சரிசெய்யாது. அதில் எலுமிச்சைச் சாறோ மோரோ ஊற்றி வைக்கக்கூடாது. புளிப்பு செம்பைக் கரைக்கும், குமட்டலும் வாந்தியும் வரும். வாட்ச் மாதிரி பளபளப்பாக உட்புறமும் பூச்சு பூசிய செம்புப் பாட்டிலில் தண்ணீர் செம்பைத் தொடுவதே இல்லை, அதை வாங்கியும் பயனில்லை.

மும்பை மாநகராட்சித் தண்ணீர் வருவது ஏழு ஏரிகளிலிருந்து: துளசி, விஹார், தான்சா, மோடக் சாகர், மேல் வைதர்ணா, நடு வைதர்ணா, பாட்சா. எல்லாம் மழைநீர் தேங்குபவை. ஆகவே உப்பு குறைந்த மென்மையான தண்ணீர். என் வீட்டுக் குழாயில் நான் பார்த்தவரை டி.டி.எஸ். நூறைத் தொட்டதில்லை. தர நிர்ணயம் 500 வரை நல்லது என்கிறது. இந்தத் தண்ணீருக்கு ஆர்.ஓ. எதற்கு? நூறைப் பத்தாக்கி, ஒரு லிட்டருக்கு இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விட்டு, பிறகு 'மினரல் காட்ரிட்ஜ்' என்று ஒன்றை மாட்டி எடுத்த உப்பைத் திரும்பப் போடுகிறோம்! டி.டி.எஸ். 500க்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019லேயே மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆனால் ஆழ்குழாய்த் தண்ணீரோ, கோடையில் டாங்கர் தண்ணீரோ வாங்கும் கட்டடங்களுக்குக் கதை வேறு. அங்கே உப்பு உண்மையிலேயே அதிகம் இருக்கலாம். பரிசோதித்துப் பார்த்துத் தேவையென்றால் ஆர்.ஓ. வைத்துக்கொள்ளலாம். பரிசோதிக்காமல் வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கை. காரத் தண்ணீர் இயந்திரம் வேலை செய்வதற்கே தண்ணீரில் உப்பு இருக்க வேண்டும், ஏனென்றால் மின்சாரம் ஓட வேண்டும். ஒரே வீட்டில் ஆர்.ஓ.வும் அதன் பின்னால் இந்த இயந்திரமும் மாட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

'குடித்தால் நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே?' என்பார்கள். ஆரோக்கியமான ஒருவர் குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பது சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எவ்வளவு தண்ணீர், என்ன உப்பு என்பதே டாக்டர் அளந்து கொடுக்கும் விஷயம், அங்கே இந்த விளையாட்டு ஆகாது. 2020ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் காரத் தண்ணீர் என்று விற்ற ஒரு பாட்டில் நீரைக் குடித்த குழந்தைகளுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது. அதைக் குடிக்க வேண்டாம் என்று அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அறிவிக்க வேண்டியிருந்தது. காரத்தன்மைதான் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. மருந்து போல விற்கப்படும் தண்ணீரை மருந்து போல யாரும் சோதிப்பதில்லை என்பதைச் சொல்கிறேன்.

பெரிய கெடுதல் அண்ணாச்சிக்கு நேர்ந்ததுதான். மறுநாள் காலை அவரை விடாப்பிடியாக லாபுக்கு அழைத்துக்கொண்டு போனேன். வெறும் வயிற்றில் சர்க்கரை 262. டாக்டர் திட்டவில்லை. "மாத்திரையைத் தண்ணீரோடு சாப்பிடுங்கள். எந்தத் தண்ணீரானாலும் சரி" என்று மட்டும் சொன்னார். ஒரு மாதத்தில் அளவு இறங்கியது, அசதியும் போயிற்று.

சட்டத்தையும் பார்த்தேன். சர்க்கரை, புற்றுநோய், ரத்த அழுத்தம் ஆகியவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. மாய மருந்துச் சட்டம் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள், பிரமிடு முறையில் ஆள் சேர்ப்பதைத் தடுக்கின்றன. வாங்கியவர் மனம் மாறினால் பொருளைத் திருப்பித் தர அவகாசமும் கொடுக்கச் சொல்கின்றன. அண்ணாச்சிக்கு அந்த அவகாசம் கடந்துவிட்டிருந்தது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தோம். பதில் வந்துகொண்டிருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி வாங்கினால் ரசீதையும், வாயால் சொன்ன வாக்குறுதிகளை எழுத்திலும் கேட்டு வாங்குங்கள். 'சர்க்கரை குணமாகும்' என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னால் தரமாட்டார்கள். அதிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

ஏரியிலிருந்து சுத்தமாக வரும் தண்ணீர் கெடுவது பெரும்பாலும் நம் கட்டடத்துக்குள் வந்த பிறகுதான். எங்கள் சொசைட்டியின் நிலத்தடித் தொட்டி மூடியில் விரிசல். அதன் பக்கத்திலேயே சாக்கடைக் குழாய். கடைசியாகத் தொட்டியைக் கழுவியது எப்போது என்று செயலாளருக்கே நினைவில்லை. குடிநீரில் 100 மில்லி லிட்டருக்கு ஒரு ஈ.கோலை கிருமி கூட இருக்கக்கூடாது என்பது விதி. எங்கள் மேல்தொட்டித் தண்ணீரை லாபில் கொடுத்தபோது அது இருந்தது. இத்தனைக்கும் டி.டி.எஸ். 70, பி.எச். 7.4. எந்த மீட்டரும் குறை சொல்லாத தண்ணீர்!

கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் பேசி, மே மாதம் இரண்டு தொட்டிகளையும் கழுவிக் குளோரின் போட்டோம். மூடியை மாற்றினோம். சாக்கடைக் குழாயைத் தள்ளிப் பதித்தோம். எல்லாச் செலவும் 32 குடும்பங்களுக்குப் பிரித்ததில் வீட்டுக்கு 900 ரூபாய் வந்தது. அதுவரை எல்லோரும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தோம். நுரைத்துக் கொதி வந்து ஒரு நிமிடம் போதும். எங்கள் வீட்டில் அதில் சீரகம் போடுவார்கள், வாசனைக்காக. மறு பரிசோதனையில் கிருமி இல்லை. அறிக்கையை லிஃப்டுக்குப் பக்கத்தில் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொட்டி கழுவும் தேதியை அதன் கீழே அண்ணாச்சிதான் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார்.